செல்லுக்கு உண்டோ பழைய நினைவு?

கரும்பு நடும் உழவர் விதை தேடுவதில்லை. வளர்ந்த கரும்பை இரண்டு மூன்று பருக்கள் உள்ள கரணைகளாக வெட்டி, பார் பிடித்த வயலில் பதிக்கிறார். ஈரோட்டு மஞ்சளுக்குக் கிழங்கு. கோபிசெட்டிபாளையத்து வாழைக்குப் பக்கக் கன்று. உடலின் ஒரு துண்டிலிருந்து முழு உடலும் எழும் என்பது கொங்கு நாட்டில் பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராதவருக்கும் தெரிந்த செய்தி. ஆயின், ஆட்டின் காதை நறுக்கி மண்ணில் ஊன்றி ஆடு முளைக்கக் கண்டவர் எவருமில்லை.

"அது செடி, இது பிராணி" என்று சொல்லி இந்த வேறுபாட்டைக் கடந்து போய்விடுவது எளிது. ஆனால் அது விடையாகாது. சிவப்பணு போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஆட்டின் உடலிலுள்ள ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் முழு ஆட்டையும் உண்டாக்குவதற்கு வேண்டிய டி.என்.ஏ. இருக்கத்தான் செய்கிறது. காதுச் செல்லில் கல்லீரலுக்கான ஜீன்களும் உண்டு, கண்ணுக்கான ஜீன்களும் உண்டு. அவை வாய் மூடிக் கிடக்கின்றன. அவற்றின் வாயை அடைத்தது எது? அந்தப் பூட்டைத் திறக்க முடியுமா? திறந்த பின்பும் செல் தன் பழைய தொழிலை நினைவில் வைத்திருக்குமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் நம் கோயம்புத்தூர்க் கரும்புக்கும், பொள்ளாச்சியில் குலை குலையாய்த் தொங்கும் இளநீருக்கும்கூடப் பங்கு இருப்பது பலர் அறியாதது.

கரணையும் இளநீரும்

1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியது. டாக்டர் பார்பர் அதன் முதல் தலைவர். அவருடன் உழைத்து, பின்னர் நிலையத்தையே நடத்தியவர் டி. எஸ். வெங்கட்ராமன். இனிப்பு மிகுந்த கரும்பை, நாணல் இனத்தைச் சேர்ந்த காட்டுக் கரும்புடன் மணமுடித்து 1918இல் 'கோ 205' என்னும் ரகத்தை வெளியிட்டனர். 'கோ' என்பது கோயம்புத்தூரின் முதல் எழுத்தே. 1934 முதல் 1939 வரை இங்கே பணியாற்றிய ஜானகி அம்மாள், கரும்பின் குரோமோசோம்களை எண்ணியும், கரும்பை மூங்கிலுடனும் மக்காச்சோளத்துடனும் கலந்தும் பார்த்தார். கரும்பின் ஒரு செல்லில் நூற்றுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

கரணையிலிருந்து கரும்பு முளைப்பது உண்மையில் பெரிய வியப்பன்று. கணுவில் உள்ள பரு இளம் செல்களின் கூட்டம். எந்தத் தொழிலையும் இன்னும் ஏற்காத செல்கள் அவை. இத்தகைய செல்களை ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துத் 'தண்டு செல்' என்று எழுதுவோர் உண்டு. வாழையின் நடுவில் சுருண்டு கிடக்கும் குருத்தைப் பார்த்தவர்களுக்குக் 'குருத்தணு' என்பதே பொருத்தமாகத் தோன்றும்; இக்கட்டுரையிலும் அதையே கையாள்கிறேன். உண்மையான வியப்பு, முற்றித் தொழிலேற்றுவிட்ட செல் மீண்டும் குருத்தணு ஆவதில்தான் இருக்கிறது.

1902இல் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலறிஞர் ஹாபர்லாண்ட், தனிச் செல் ஒன்றைத் தக்க உணவுக் கரைசலில் வளர்த்தால் அது முழுச் செடியாகலாம் என்று எழுதினார். அவரே செய்தும் பார்த்தார். செல்கள் சில நாள் உயிரோடிருந்தன; பகுபடவில்லை. கருத்து சரி, உணவு தவறு.

அந்த உணவு வெப்ப நாட்டுக் கடற்கரையில் கிடைத்தது. 1941இல் வான் ஓவர்பீக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஊமத்தையின் மிகச்சிறு கருக்களை வளர்க்கத் தேங்காய் நீரைச் சேர்த்துப் பார்த்தனர், கருக்கள் வளர்ந்தன. தென்னங்கன்றின் கருவுக்கு இயற்கை வைத்த தாய்ப்பால் அல்லவா அது! அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்டு அதே நீரைக் கேரட்டுக்குக் கொடுத்தார். கேரட்டுக் கிழங்கின் முற்றிய திசுவிலிருந்து பிரிந்த செல்கள், சுழலும் குடுவைக்குள் தேங்காய் நீர் கலந்த கரைசலில் மிதந்து, பெருகி, கருவைப் போன்ற உருவங்களாகி, இறுதியில் வேரும் இலையும் உள்ள கேரட்டுச் செடிகளாயின. இது 1958ஆம் ஆண்டுச் செய்தி. ஹாபர்லாண்டின் கனவு பலிக்க ஐம்பத்தாறு ஆண்டுகள் பிடித்தன.

இதற்கிடையில், 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற இருவர் புகையிலைத் திசுவை வைத்து ஓர் அழகான உண்மையைக் கண்டனர். ஆக்சின், சைட்டோகைனின் என்னும் இரு ஊக்கிகளின் விகிதத்தை மாற்றினால் போதும். ஒரே திசுக்கட்டி ஒரு விகிதத்தில் வேர் விடும், மற்றொரு விகிதத்தில் தளிர் விடும், இடைப்பட்ட விகிதத்தில் வெறும் கட்டியாகவே பெருகும். இந்தக் கட்டிக்குக் காலஸ் என்று பெயர். தேங்காய் நீரிலும் சைட்டோகைனின் இருப்பது பின்னாளில் தெரிந்தது.

இந்தியாவின் பங்கு 1964இல் வந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹா, எஸ். சி. மகேஸ்வரி ஆகிய இருவரும் ஊமத்தைப் பூவின் மகரந்தப் பையை வளர்ப்புக் கரைசலில் இட்டபோது, உள்ளிருந்து கருக்கள் வெளிவந்தன. மகரந்தத் தூள் என்பது ஆண் அணுவைச் சுமந்து செல்வதற்கென்றே பிறந்தது. அதன் தலைவிதியே மாறிவிட்டது. நம் நாட்டுச் சோதனைச் சாலை ஒன்றில் எளிய கருவிகளைக் கொண்டு நடந்த இக்கண்டுபிடிப்பு உலகெங்கும் பயிர் இன ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. நம் பாடநூல்களில் இதற்கு இன்னும் சற்றே கூடுதல் இடம் தரலாம்.

தவளையின் குடல்

பிராணிகளின் கதை வேறு பாதையில் நடந்தது. 1952இல் பிரிக்ஸ், கிங் என்ற அமெரிக்கர் இருவர் தவளை முட்டையின் உட்கருவை நீக்கிவிட்டு, இளங்கருவின் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை அதில் வைத்தனர். தலைப்பிரட்டைகள் வந்தன. முற்றிய செல்லின் உட்கருவை வைத்தபோது பெரும்பாலும் பலன் இல்லை. ஆகவே முற்றிய செல் தன் ஜீன்களை இழந்துவிடுகிறது என்று பலர் எண்ணினர்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் இருந்த ஜான் கர்டன் 1962இல் இதனை மறுத்தார். தலைப்பிரட்டையின் குடற்சுவர்ச் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு அழிக்கப்பட்ட ஆப்பிரிக்கத் தவளை முட்டையில் வைத்தார். நூற்றுக்கு ஒன்றிரண்டே தேறின. ஆனால் தேறியவை முழுமையான தலைப்பிரட்டைகள். குடற்செல்லில் எந்த ஜீனும் தொலைந்து போகவில்லை என்பதற்கு அந்த ஒன்றிரண்டே போதும். இதே கர்டன் பள்ளியில் உயிரியலில் 250 மாணவர்களுள் கடைசியாக நின்றவர். விஞ்ஞானியாகும் எண்ணம் இவருக்கு வீண் என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்த அறிக்கையை வாழ்நாள் முழுவதும் வைத்திருந்தார். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திடும் என் போன்றோர் இதை அவ்வப்போது நினைத்துக்கொள்வது நல்லது.

ஜீன்கள் தொலையவில்லையென்றால், அவை ஏன் பேசவில்லை? நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஏன் தோற்றன?

கல்லாறும் குன்னூரும்

இவ்விடத்தில் வாடிங்டன் என்ற ஆங்கில உயிரியலறிஞரைக் குறிப்பிட வேண்டும். ஜீன்களும் சூழலும் கூடி ஓர் உடலை உருவாக்கும் முறையைப் பற்றிய கல்விக்கு 1942இல் 'எபிஜெனிடிக்ஸ்' என்ற பெயரை இட்டவர் இவரே. 1957இல் வெளியிட்ட நூலில் ஒரு படம் வரைந்தார். மலையுச்சியில் ஓர் உருண்டை. கீழே பள்ளத்தாக்குகள் கிளைகிளையாகப் பிரிந்து செல்கின்றன. உருண்டை உருளும்போது ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்துகொள்கிறது; அடிவாரத்தில் நின்றபோது அது தோல் செல் அல்லது நரம்புச் செல். பக்கத்துப் பள்ளத்தாக்குக்குத் தாவ முடியாது, நடுவே மேடு.

நிலையாற்றல் பாடம் படித்த மாணவர்க்கு இப்படம் உடனே விளங்கும். நம் ஊர்ப்பக்கம் இதைக் கண்ணாலேயே காணலாம். குன்னூரிலிருந்து ஒரு கல் உருண்டால் கல்லாற்றுக்கு வந்து சேரும். கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ஏற வேண்டுமானால்? 1899இல் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே மலை ரயில் விட்டவர்கள் சாதாரணத் தண்டவாளம் போதாதென்று கண்டு, கல்லாற்றுக்கு மேலே நடுவில் பற்சட்டம் பதித்தனர். ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். எஞ்சினின் பற்சக்கரம் சட்டத்தைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. செல்லை மேலேற்றுவதற்கும் ஒரு பற்சட்டம் தேவைப்பட்டது.

அதற்கு முன், அந்த மலையும் பள்ளமும் எதனால் ஆனவை என்பது தெரியவேண்டும். நம் செல் ஒன்றில் உள்ள டி.என்.ஏ. இழையை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான அகலமுள்ள உட்கருவுக்குள் அடங்கவேண்டும். ஆகையால் நூல்கண்டில் சுற்றுவதுபோல், ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளின்மேல் அது சுற்றப்பட்டிருக்கிறது. இறுகச் சுற்றிய இடத்திலுள்ள ஜீனைப் படிக்க முடியாது. தளர்ந்த இடத்தைப் படிக்கலாம். எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்பதற்குச் சிறு வேதியியல் குறிகள் உண்டு. அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது மெத்தில் தொகுதி. டி.என்.ஏ.யின் எழுத்துகளுள் ஒன்றான சைட்டோசின்மேல் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலும் அந்த ஜீன் அடங்கிவிடுகிறது. எழுத்து மாறவில்லை, எழுத்தின் தலையில் ஒரு புள்ளி விழுந்தது, அவ்வளவே. தமிழில் மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி அதன் அகரத்தை அடக்கிவிடுவதை இத்துடன் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

1975இல் ஹாலிடே, பியூ என்ற இருவரும், தனியே ரிக்ஸ் என்பவரும் ஒரு கருத்தை வெளியிட்டனர். செல் பகுபடும்போது டி.என்.ஏ. இரட்டிக்கிறது. பழைய இழையில் புள்ளியிருக்க, புதிய இழையில் இராது. ஒரு நொதி அதைப் பார்த்துப் புதிய இழையிலும் புள்ளி வைத்துவிட்டால், கல்லீரல் செல்லின் மகள் செல்லும் கல்லீரல் செல்லாகவே இருக்கும். அத்தகைய நொதி இருப்பது பின்னர் உறுதிப்பட்டது. செல்லுக்கு நினைவு உண்டு என்று சொல்வது வெறும் உவமையன்று என்பது இதனால் தெளிவாகிறது. அந்த நினைவு படியெடுக்கப்பட்டு வழிவழியாக வருகிறது.

நான்கு சாவிகள்

1996 ஜூலை 5ஆம் நாள் ஸ்காட்லாந்தில் டாலி என்னும் ஆட்டுக்குட்டி பிறந்தது. வளர்ந்த ஆட்டின் மடிச் செல்லின் உட்கருவிலிருந்து வந்தது அது. 277 முட்டைகளில் செய்த முயற்சியில் பிழைத்தது ஒன்றே ஒன்று. 2009இல் நம் நாட்டில் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் இம்முறையைச் சார்ந்து எருமைக் கன்று பிறந்தது. முதற்கன்று சில நாள்களில் இறந்தது, அடுத்துப் பிறந்த கரிமா பிழைத்தது. பழைய குறிகள் சரிவர அழியாமையே இத்தகைய தோல்விகளுக்கு முக்கியக் காரணம் என்று விஞ்ஞானிகள் கருதினர்.

முட்டையே இல்லாமல் செல்லைப் பின்னோக்கித் திருப்பியவர் ஜப்பானில் கியோட்டோவைச் சேர்ந்த ஷின்யா யமனாகா. குருத்தணுவில் சுறுசுறுப்பாக இயங்கும் 24 ஜீன்களைப் பட்டியலிட்டு, அவருடைய மாணவர் தக்காஹாஷி அவற்றை எலியின் தோலிணைப்புச் செல்களுக்குள் புகுத்தினார். பிறகு ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். எது இல்லாவிட்டால் காரியம் நடக்கவில்லையோ அது தேவையானது. இறுதியில் நான்கே எஞ்சின: ஆக்ட்-4, சாக்ஸ்-2, கே.எல்.எஃப்-4, சி-மிக். 2006இல் எலிக்கும் 2007இல் மனிதருக்கும் இது நடந்தது. தோல் செல், குருத்தணுவை ஒத்ததாயிற்று. இவற்றை ஐ.பி.எஸ். செல்கள் என்கின்றனர். 2012இல் கர்டனும் யமனாகாவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பற்சட்டம் கிடைத்துவிட்டது. ஆயினும் தொடக்கத்தில் ஆயிரம் செல்களில் ஒன்று ஏறினாலே பெரிது. நான்கில் ஒன்றான சி-மிக் புற்றுநோயுடன் தொடர்புள்ளது என்பது வேறு தொல்லை.

பழைய வாசனை

வரலாறு இங்கே ஒரு திருப்பம் கொள்கிறது. 2010இல் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் டேலியின் குழுவினர், எலியின் இரத்தச் செல்லிலிருந்தும் தோலிணைப்புச் செல்லிலிருந்தும் ஐ.பி.எஸ். செல்களை உண்டாக்கினர். நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் மீண்டும் தொழிலேற்கச் சொன்னபோது, இரத்தத்திலிருந்து வந்தவை எளிதில் இரத்தச் செல்களாயின. தோலிணைப்பிலிருந்து வந்தவை எலும்புச் செல்லாவதை விரும்பின. காரணத்தை ஆராய்ந்தபோது, பழைய திசுவுக்குரிய மெத்தில் குறிகள் ஆங்காங்கே அழியாமல் நின்றன. முட்டைக்குள் வைத்துத் திருப்பிய செல்களில் இந்த மிச்சம் குறைவாக இருந்தது. முட்டையின் கைத்திறன் நான்கு சாவிகளைவிட மேல் என்று ஆயிற்று. அந்த முட்டையும் முற்றும் துடைப்பதில்லை: கர்டனின் சோதனைச் சாலையிலேயே, தசைச் செல்லிலிருந்து வந்த தவளைக் கருவில் தசைக்குரிய ஜீன் 24 முறை பகுபட்ட பின்பும் விழித்திருந்ததைக் கண்டனர்.

இயற்பியல் கற்பிப்பவனுக்கு இங்கே காந்தத் தயக்கம் நினைவுக்கு வராமல் போகாது. இரும்பைச் சுற்றிய கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டினால் இரும்பு காந்தமாகிறது. மின்னோட்டத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும் காந்தம் பூஜ்யத்துக்கு வருவதில்லை. கொஞ்சம் எஞ்சி நிற்கிறது. வந்த வழியே திரும்புவதில்லை என்பதே தயக்கம் என்பதன் பொருள். மோட்டாருக்குத் தகடு வெட்டும் கோவைப் பட்டறைக்காரர்கள் இதனால் விளையும் வெப்ப இழப்பை நன்கு அறிவர். எஞ்சிய காந்தத்தைப் போக்க இரு வழிகள்: இரும்பை 770 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சலாம், அல்லது மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, சுற்றுக்குச் சுற்று அதைக் குறைத்துக்கொண்டே வரலாம். செல்லிலும் இதற்கு நிகரான இரண்டு வழிகளைக் கண்டனர். மெத்தில் குறியைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தால் பழைய நினைவு மங்கியது. மருந்து இல்லாமலே, செல்களைப் பலமுறை பகுபடவிட்டுப் புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டே வந்தாலும் மங்கியது. இதை அதே 2010இல் மற்றொரு குழு காட்டிற்று. ஒவ்வொரு பகுப்பிலும் படியெடுப்பதில் சில புள்ளிகள் விட்டுப்போகின்றன போலும்.

உவமை இங்கே முடிகிறது. இரும்பின் காந்தம் தன்னைத் தானே படியெடுத்துக்கொள்வதில்லை. செல்லின் குறி படியெடுத்துக்கொள்கிறது. ஆகவே சரியான குறி மட்டுமல்ல, தவறான குறியும் வழிவழியாக வரும். 2011இல் ரயன் லிஸ்டரும் கூட்டாளிகளும் மனித ஐ.பி.எஸ். செல்களில் மெத்தில் குறிகளை எழுத்தெழுத்தாகப் படித்தபோது, பழைய திசுவின் மிச்சங்களோடு, எந்தத் திசுவுக்கும் உரியதல்லாத புதிய பிழைகளையும் கண்டனர். அவை குரோமோசோமின் நடுவிலும் நுனிகளிலும் பெருந்திட்டுகளாகக் கிடந்தன. பின்வந்த ஆய்வுகள் வேறொன்றையும் காட்டின என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று: மனிதச் செல்களில், எந்தத் திசுவிலிருந்து வந்தது என்பதைவிட, யாருடைய உடலிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலும் கூடுதலான வேறுபாட்டை உண்டாக்குகிறது.

மறந்ததால் வந்த வினை

செடிகளிலும் இதே தொல்லை இருந்தது. உண்மையில் அங்கேதான் முதலில் தென்பட்டது. 1969இல் ஹவாய்த் தீவில் ஹைன்ஸ், மீ என்போர் கரும்புக் காலஸிலிருந்து முழுக் கரும்புகளை எழுப்பினர். ஒரே கரும்பின் துண்டிலிருந்து வந்தவை ஒன்றுபோல் இருக்கவேண்டுமல்லவா? இல்லை. இலையின் அகலம், தோகையின் நிமிர்வு, குரோமோசோம் எண்ணிக்கை எல்லாம் வேறுபட்டன. 1974இல் பிஜித் தீவில் கிருஷ்ணமூர்த்தி, ட்லாஸ்கல் ஆகியோர் இந்த வேறுபாடுகளிலிருந்தே பிஜி நோயைத் தாங்கும் கரும்புகளைத் தேர்ந்தெடுத்தனர். நம் நாட்டில் கடலூர் நிலையம் தந்த கோசி 671 என்ற ரகத்தின் திசு வளர்ப்பு மாறுபாடுகளிலிருந்து கோ 94012 வந்தது. மகாராஷ்டிரத்தில் அதற்குப் புலே சாவித்திரி என்று பெயர்.

இந்த மாறுபாடுகள் எல்லாம் குறிகளின் விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. நூற்றுக்கு மேற்பட்ட குரோமோசோம்களைச் சுமக்கும் கரும்பில், காலஸாகப் பெருகும்போது சில குரோமோசோம்கள் தவறிப்போவது எளிது. அது திரும்பாத மாற்றம். ஆனால் சில மாறுபாடுகள் இரண்டு மூன்று பருவம் மறுநடவு செய்தபின் மறைந்தும் போயின. எழுத்தே மாறியிருந்தால் அப்படி எளிதில் திரும்பாது. புள்ளி மட்டும் மாறியிருந்தால் திரும்பலாம்.

புள்ளி மாறியதற்குத் துலக்கமான சான்று மலேசியாவிலிருந்து வந்தது. தமிழர் பலர் உழைத்த அந்நாட்டுத் தோட்டங்களில், உயர்ந்த விளைச்சல் தரும் எண்ணெய்ப் பனைகளைத் திசு வளர்ப்பால் பெருக்கி நட்டனர். சில ஆண்டுகள் கழித்துக் காய்த்தபோது பல மரங்களில் காய்கள் வெடித்துச் சதைப்பற்றான மேலங்கி போர்த்தவைபோல் கோணலாக இருந்தன, எண்ணெய் அற்பம். மரம் காய்க்கும்வரை எவராலும் கண்டறிய முடியவில்லை. 2015இல் மலேசியப் பாமாயில் வாரியத்தின் விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டனர். பூவின் உறுப்பை வகுக்கும் ஒரு ஜீனுக்குள், 'கர்மா' என்று பெயரிடப்பட்ட ஒரு தாவும் டி.என்.ஏ. துண்டு உறங்கிக் கிடக்கிறது. அதன்மேல் மெத்தில் புள்ளிகள் நிறைந்திருக்கும்வரை தீங்கில்லை. திசு வளர்ப்பில் அப்புள்ளிகள் உதிர்ந்துவிட்டால் காய் கெடுகிறது. முன்னதை நல்ல கர்மா என்றும் பின்னதைக் கெட்ட கர்மா என்றும் அவர்களே எழுதினர்! இப்போது நாற்றங்காலிலேயே இலைத் துண்டை எடுத்துச் சோதிக்கலாம்.

கொங்கு நாட்டு வாழைத் தோட்டங்களில் இன்று பரவியுள்ள ஜி-9 வாழைக்கன்று பெரும்பாலும் திசு வளர்ப்பில் வந்ததே. அது காலஸ் வழியாக வராமல், பெரும்பாலும் குருத்து நுனியிலிருந்து நேரே பெருக்கப்படுவதால் பிழை குறைவு. இருந்தும், ஒரே வளர்ப்பை மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போனால் குட்டையான, ஒவ்வாத கன்றுகள் கூடுகின்றன. 2006 முதல் மத்திய அரசின் உயிர்த் தொழில்நுட்பத் துறை இத்தகைய கன்றுகளுக்குச் சான்றளிக்கும் முறையை நடத்துகிறது. கன்று வாங்குவோர் சான்றிதழைக் கேட்டு வாங்குதல் வேண்டும். ஓர் ஏக்கர் வாழை வைப்பவர்க்கு ஓராண்டு உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது.

நீலகிரியின் இரத்தம்

மனித உடலில் இதே பிழை நேர்ந்தால், பிடுங்கி எறிந்து வேறு நட முடியாது. இதை விளக்க ஒரு நோய் போதும். சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் டி.என்.ஏ. எழுத்து ஒன்றே ஒன்று மாறியதால், சிவப்பணு அரிவாள்போல் வளைந்து இரத்தக் குழாய்களை அடைக்கிறது. பொறுக்க முடியாத வலி, சோகை, இளவயது மரணம். இந்த ஜீன் இந்தியாவில் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952இல் முதன்முதலில் கண்டது நம் நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடையேதான். 2023இல் மத்திய அரசு இந்நோயை ஒழிக்கத் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது.

ஐ.பி.எஸ். செல்களால் ஒரு நோயைத் தீர்க்கலாம் என்பதற்கு உலகில் கிடைத்த முதற்சான்றும் இந்நோயில்தான். 2007இல் அமெரிக்காவில் ருடால்ஃப் யேனிஷின் குழு, இந்நோயுள்ள எலியின் வால் நுனிச் செல்லை ஐ.பி.எஸ். செல்லாக்கி, தவறான எழுத்தைத் திருத்தி, இரத்தம் உண்டாக்கும் செல்லாக மாற்றி, அதே எலிக்குத் திருப்பித் தந்தது. எலி தேறியது. நோயாளியின் சொந்தச் செல் என்பதால் உடல் அதை மறுக்கவில்லை.

எலிக்குத் தேறியது மனிதருக்கு எளிதில் தேறவில்லை. நீண்ட நாள் இரத்தம் சுரக்கும் செல்லை ஐ.பி.எஸ். செல்லிலிருந்து உண்டாக்குவது கடினமாகவே இருந்துவருகிறது. 2023இல் சில நாடுகளில் அனுமதி பெற்ற ஜீன் திருத்தச் சிகிச்சை, நோயாளியின் இரத்தக் குருத்தணுவையே எடுத்துத் திருத்துகிறது. செல்லை மலையுச்சிக்கு ஏற்றுவதில்லை. நினைவுப் பிரச்சினையையே அது சுற்றிக்கொண்டு போய்விடுகிறது எனலாம். ஆனால் கண்ணின் விழித்திரைக்கோ மூளையின் நரம்புக்கோ அப்படி எடுத்துத் திருத்தத்தக்க செல் கைக்கெட்டுவதில்லை. அங்கே ஐ.பி.எஸ். செல்லே வேண்டும். 2014இல் ஜப்பானில் கோபே நகரில் மசாயோ தக்காஹாஷி என்ற கண் மருத்துவர், எழுபது வயது கடந்த ஓர் அம்மையாரின் தோல் செல்லிலிருந்து விழித்திரைப் படலம் செய்து கண்ணில் பொருத்தினார். அடுத்த நோயாளியின் செல்களில் டி.என்.ஏ. மாற்றங்கள் தென்படவே, 2015இல் அவருக்கான அறுவையை நிறுத்தினர். நிறுத்தியது சரியே என்பது என் கருத்து.

நம் மாநிலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் குருத்தணு ஆராய்ச்சி மையம் ஐ.பி.எஸ். செல்களை வளர்த்து இரத்த நோய்களை ஆராய்கிறது. இத்தகைய செல்லை நோயின் மாதிரியாகப் பயன்படுத்தும்போதும் பழைய குறி குறுக்கே நிற்கும்: காணப்படும் வேறுபாடு நோயால் வந்ததா, செல் பிறந்த இடத்தால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டும். இதற்கிடையே, எல்லா நோய்க்கும் குருத்தணுச் சிகிச்சை என்று விளம்பரம் செய்வோரும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, குறிப்பிட்ட இரத்த நோய்கள் முதலியவற்றுக்கான இரத்தக் குருத்தணு மாற்றம் தவிர, மற்றவற்றை முறையான சோதனைக்கு வெளியே நோயாளிக்குச் செய்வது நெறிக்குப் புறம்பானது. பணத்தோடு உயிரையும் பணயம் வைப்பவர்கள் இதை அறிந்திருக்கவேண்டும்.

கடைசியாக வந்த முன்னேற்றம் 2023இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. முன்னே குறிப்பிட்ட லிஸ்டரும் ஹோசே போலோவும் அவர்களுடைய குழுவினரும், தாயின் வயிற்றில் கரு பதிவதற்கு முந்திய நாள்களில் இயற்கையே பெரும்பாலான மெத்தில் குறிகளைத் துடைப்பதைப் பின்பற்றினர். மேலேறும் செல்லை அந்தக் கன்னி நிலையை ஒத்த கரைசலில் சில நாள் மட்டும் நிறுத்தி, பிறகு வழக்கமான நிலைக்குக் கொண்டுவந்தனர். பழைய திசுவின் நினைவும் புதிய பிழைகளும் பெருமளவு நீங்கின. செல்கள் தொழிலேற்பதிலும் முன்னைவிடத் தேர்ந்தன.

ஏன் சில நாள் மட்டும்? நம் ஜீன்களுள் சுமார் நூறு, தாயிடமிருந்து வந்தது எது, தந்தையிடமிருந்து வந்தது எது என்பதற்கேற்பப் பேசவோ அடங்கவோ குறியிடப்பட்டவை. இக்குறிகளை இயற்கை கருவில்கூடத் துடைப்பதில்லை. கன்னி நிலைக் கரைசலில் செல்லை நெடுநாள் விட்டால் இவையும் அழிந்துபோகின்றன. அழிந்தவற்றை மீண்டும் எழுத வளர்ப்புத் தட்டில் வழியில்லை. எனவே, தோல் செல் என்ற நினைவு போகும்வரை வைத்திருந்து, தாய் தந்தையர் இட்ட குறி போவதற்குள் எடுத்துவிட வேண்டியிருக்கிறது.